ஏஞ்சலினின் இடது காதில் ஓர் ஒழுக்கு

எளாவூர் செக்போஸ்ட் பக்கம் கல்கத்தா ஹைவேயில் மூன்று கிலோமீட்டருக்கு வரிசைகட்டி நின்ற லாரிகளை எல்லாம், வேர்க்கடலைப் பருப்பைவிடச் சின்னதான ஒரு பஞ்சுத் துண்டால் வாய்மூட வைத்தவன் நான். ஹாரன், இன்ஜின், டிரைவர்கள் ஒருவரை ஒருவர் மூன்று பாஷையில் திட்டிக்கொள்ளும் சத்தம், எல்லாம் கப்சிப். போலீஸ் வரவில்லை, கோர்ட் ஆர்டரும் இல்லை. நம்பாதவர்கள் நம்பவேண்டாம். என் மனைவி பச்சையம்மா நாற்பத்தோரு வருஷமாக என்னை நம்பாமல்தான் குடித்தனம் நடத்துகிறாள். அதனால் எனக்கு ஒரு வேளைச் சோறு குறைந்ததில்லை.

என் பெயர் துலுக்காணம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் முப்பத்துமூன்று வருஷம் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். பம்ப் என்று ஒன்று பிறந்தால் அது ஒழுகும். அதை ஒழுகவிடாமல் செய்வதுதான் என் வேலை. நான் ஆயில் சீல் போட்ட பம்பைப் பழவேற்காடு ஏரியில் போட்டுப் பத்து வருஷம் கழித்து எடுத்தாலும் உள்ளே தூசி பறக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு பம்ப் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

அதே கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தவர் சாம்சன். நான் செய்ததை எல்லாம் ரிஜெக்ட் செய்வது அவர் வேலை. இப்போது பக்கத்து வீட்டுக்காரர். ரிட்டயர் ஆனபிறகும் மனுஷன் டியூட்டியை விடவில்லை. பச்சையம்மா கொடுத்தனுப்பும் முறுக்கைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்து, வட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடிப்பார். நான் எது சொன்னாலும் அவருடைய பதில் ஒன்றுதான்: "ப்ரூஃப் இன்னா?"

அவருடைய மகள் ஏஞ்சலின். முப்பத்தொரு வயசு. கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில், இருநூறு டன் பிரஸ் நாள் முழுக்க டமார் டமார் என்று இறங்குகிற இடத்தில் வேலை. அந்தச் சத்தத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, வாய் திறந்து பாடினாள் என்றால், எங்கள் தெரு நாய்கள் சண்டையை நிறுத்திவிட்டு உட்காரும். இது மிகை இல்லை. நாய்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் போன வருஷம் அறுப்பின் பண்டிகையில் அவள் பாட்டு கெட்டுப்போயிற்று.

அவர்கள் சர்ச் சபையில் வருஷத்துக்கு ஒரு தடவை விளைச்சலைக் கொண்டுவந்து காணிக்கையாக வைத்து ஏலம் விடுவார்கள். அந்தக் காலத்தில் நெல் மூட்டையும் பூசணியும் வரும். இப்போது முக்கால்வாசிப் பேர் கம்பெனி வேலைக்காரர்கள் ஆயிற்றே, அதனால் தீபாவளிக்குக் கம்பெனியில் கொடுத்த ஹாட்பாக்ஸ், சுவர்க் கடிகாரம், சேஃப்டி ஷூ என்று வரும். நடுவில் பாவம்போல் நாலு வாழைத்தார். இதெல்லாம் நடப்பது ஹைவே ஓரத்து மைதானத்தில், சாமியானா போட்டு. போன வருஷம் ஏஞ்சலின் தனியாகப் பாட எழுந்த நேரம் லாரிகள் நெருக்கியடித்து ஹாரன் அடித்தன. மேடையில் அவளுக்குக் கீபோர்டு கேட்கவில்லை. கீபோர்டு ஒரு சுருதியில் போக, இவள் ஒரு சுருதியில் போக, கடைசியில் இரண்டும் சந்திக்கவே இல்லை. யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு மைக்கைக் கீழே வைத்தவள், கூட்டத்தோடு நின்று பாடுவதோடு சரி.

இந்த வருஷம் பாட்டுக்குழு நடத்தும் பென்னி ஒரு வழி கண்டுபிடித்தான். மேடையில் ஸ்பீக்கரே கிடையாது, கூட்டத்துக்கு மட்டும்தான். பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள் எல்லாருக்கும் இடுப்பில் ஒரு குட்டிப் பெட்டி, அதிலிருந்து காதுக்குள் இயர்போன். "அக்கா, நீங்கதான் சோலோ. உங்க காதுக்கு நல்லதா ஒண்ணு வாங்கிக்கினு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டான்.

சாம்சன் கடைக்கு வரமாட்டேன் என்றார். "காதுல மாட்டுறதுக்கு ஒரு மாச சம்பளமா? சத்தத்துல இன்னாம்மா குவாலிட்டி, கேஜ் வெச்சி அளக்க முடியுமா?" என்று உட்கார்ந்துவிட்டார். அதனால் புதன்கிழமை வார லீவில் ஏஞ்சலினோடு ரயிலேறிச் சென்னைக்குப் போனவன் நான்.

கடை இருந்த இடம் ஒரு ஹால். ஏசியில் என் முழங்கால் இரண்டும் ராஜினாமா கடிதம் எழுத ஆரம்பித்தன. ஏஞ்சலின் தன் போனில் பென்னி அனுப்பிய கீபோர்டு இசையை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் காதில் போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தாள். முதல் ஜோடியைக் கழற்றி, "பெரிப்பா, இதுல டிரம்மு எங்க பிரஸ்ஸு மாதிரி இடிக்குது, வேற எதுவும் கேக்கல" என்றாள். அடுத்தது ஊசியாகக் குத்தியதாம். நான் ரொம்பக் கனமான டப்பாவாகப் பார்த்து ஒன்றை எடுத்து, "இத்த வாங்கும்மா" என்றேன். டப்பாவில் கனமாக இருந்தது மூடியைப் பிடிக்க வைத்த காந்தம்தான் என்று பின்னால் தெரிந்தது. அவள் ஐந்தாவதைப் போட்டாள். கண்ணைத் திறக்கவே இல்லை. முழுப் பாட்டும் ஓடியது. "பெரிப்பா, பென்னி கட்டைய விட்டு விரல எடுக்கறது கேக்குது. ஒரு விரல் எடுக்கறான், அடுத்தத வெக்கறான்... தனித்தனியா கேக்குது." அவ்வளவுதான். அதையே வாங்கினோம்.

டப்பாவுக்குள் காதில் நுழைகிற நுனிக்கு மாட்ட ரப்பர்க் குல்லாய்கள் ஆறு அளவில் இருந்தன. கூடவே ஒரு சின்னப் பையில் மெத்தை ஸ்பாஞ்சுபோன்ற கறுப்புப் பஞ்சில் குல்லாய்கள் மூன்று ஜோடி. கடைக்காரர் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். ஏஞ்சலின் பஞ்சைப் பார்த்துச் சிரித்தாள்.

"இத்த போய் டப்பாவுல போட்டுக் குடுக்கறாங்க. எங்க கம்பெனியில மூட்ட மூட்டையா கெடக்கு."

எங்கள் ஊரில் இந்தப் பஞ்சு தெரியாத ஆளே இல்லை. கேட்டில் சேஃப்டி ஆபீசர் தினம் கையில் திணிப்பது. காதில் சத்தம் கேட்காமல் இருக்கப் போடுவது! கேட்பதற்கு என்று காசு கொடுத்து வாங்கிய டப்பாவில் கேட்காமல் இருக்க ஒரு இலவசம் என்று இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே ரயிலேறினோம். வீட்டுக்கு வந்ததும் அதை அப்பாவிடம் கொடுத்து, "நைனா, பெரிப்பா கத சொல்றப்ப போட்டுக்கோ" என்றாள். சாம்சன் அதை வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்தார். "நடுவுல ஓட்ட இருக்கே. இத்த காதுல வெச்சா சத்தம் உள்ள பூந்துடுமே. இன்னா கம்பெனிடா இது" என்று பையின்மேல் சிவப்பு மார்க்கரால் 'ரிஜெக்ட்' என்று எழுதி, பிஸ்கட் டின்னில் போட்டு மூடினார்.

வியாழக்கிழமை ஒத்திகை. ஏஞ்சலின் திரும்பி வந்தபோது முகம் தொங்கிக்கிடந்தது.

"ஒக்காந்து கேக்கறப்ப நல்லா இருக்குது பெரிப்பா. பாட ஆரம்பிச்சா போச்சு. மேல ஏர்ற எடம் வரும்போது இடது காது காலியாயிடுது. கீபோர்டு தேஞ்சி, தகர டப்பா மாதிரி ஆயிடுது. வெளிச் சத்தம் உள்ள வந்துடுது. ரெண்டு காதும் ரெண்டு ஊருல இருக்குது."

"பென்னி இன்னா சொன்னான்?"

"சனிக்கெழம ஆறு மணி வரைக்கும் டைமாம். அப்பவும் இப்டின்னா குழுவுல இருக்கற சோனியாவப் பாட வெச்சிடறேன், கோச்சுக்காதீங்கக்கான்னான். காதுக்கு அச்சு எடுத்து அளவா செஞ்சி தருவாங்களாம், ஆனா அதுக்கு மூணு வாரம் ஆவுமாம்." இயர்போனைச் சுருட்டி டப்பாவில் வைத்தாள். "இந்த வாட்டியும் மைக்கக் குடுத்துட்டேன்னா அவ்ளோதான் பெரிப்பா. இனிமே நான் அத்த கையில தொட மாட்டேன்."

நான் மீசையை முறுக்கினேன். மீசை இல்லை, இருந்தால் முறுக்கியிருப்பேன். "இது ஒழுக்கும்மா. வேற ஒண்ணுமில்ல. உள்ள இருக்கற சத்தம் வெளிய ஒழுகுது, வெளிய இருக்கறது உள்ள ஒழுகுது. நம்ம சப்ஜெக்ட்டு!"

ஒழுகினால் ஃபிட்டர் முதலில் என்ன செய்வான்? ஒரு சைஸ் பெரிய சீல் போடுவான். நானும் ரப்பரிலேயே பெரிய குல்லாயை மாட்டித் திணித்தேன். பத்து நிமிஷத்தில் அவள் காது தக்காளியாயிற்று. ஒழுக்கு நிற்கவில்லை. பச்சையம்மா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "யோவ், அது பொண்ணு காதுய்யா! உன் பம்ப்பு இல்ல! போற போக்கப் பாத்தா நட்டு போல்ட்டு போட்டு முடுக்கிடுவ போல!"

சாம்சன் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "முப்பது வருஷமா இதத்தான் செஞ்சாரு. நான்தான் ரிஜெக்ட் பண்ணிக்கினு இருந்தேன்" என்றார்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலு தட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை நாஷ்டாவுக்கு இட்லி தின்றுகொண்டிருந்தபோது யோசனை வந்தது. இரண்டு பாகம் ஒன்றோடொன்று சரியாக உட்காருகிறதா என்று எப்படிப் பார்ப்போம்? ப்ளூ அடித்துப் பார்ப்போம். ஒன்றின்மேல் நீலச் சாயத்தை மெல்லிசாகத் தடவி இன்னொன்றோடு பொருத்தி எடுத்தால், தொட்ட இடத்தில் நீலம் ஒட்டியிருக்கும். தொடாத இடம் வெளுப்பாக இருக்கும். பொய் சொல்லாத சாட்சி அது.

பச்சையம்மா வெள்ளைத் துணிக்குப் போடும் நீலப்பொடியை எடுத்தேன். தேங்காய் எண்ணெயில் குழைத்தேன். ஏஞ்சலின் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் நாற்காலியில் உட்காரவைத்தேன். "பெரிப்பா, நாளைக்குப் பண்டிக" என்று பயந்தாள். "அதெல்லாம் தண்ணிய தெளிச்சா போயிடும்" என்றேன். அந்த ஒரு வாக்கியம்தான் இந்தக் கதையில் நான் சொன்ன ஒரே பொய்.

நடுத்தர அளவு ரப்பர்க் குல்லாயில் நீலம் தடவி, இடது காதில் வைத்து எடுத்தோம். டார்ச் அடித்துப் பார்த்தால், காதுக்குள் சுத்தமான முழு வட்டம். காம்பஸ் வைத்து வரைந்ததுபோல!

சாம்சனும் வந்து குனிந்து பார்த்தார். "முழு வட்டம் உழுந்திருக்கு. அப்படின்னா ஒழுக்கே இல்ல. அப்புறம் ஏன்யா ஒழுகுது? உன் டெஸ்ட்டே தப்பு."

நான் டார்ச்சை அணைத்துப் போட்டு மறுபடி பார்த்தேன். வட்டம் வட்டமாகவே இருந்தது.

அப்போது ஏஞ்சலின்தான் மெதுவாகச் சொன்னாள்: "நைனா, சும்மா ஒக்காந்திருக்கறப்ப எனக்கும் ஒழுகல. பாடறப்பதான ஒழுகுது? வாயத் தொறந்து பாடிக்கினே பாக்கலாமா?"

நான் தொடையில் அடித்துக்கொண்ட சத்தம் ஆரம்பாக்கம் வரை கேட்டிருக்கும். பம்ப்பை நிறுத்திவைத்து ஆயில் சீலை டெஸ்ட் செய்கிற மடையன் உண்டா? ஓடும்போதல்லவா பார்க்கவேண்டும்! முப்பத்துமூன்று வருஷ சர்வீஸ் ஆளுக்கு அது தோன்றவில்லை பாருங்கள்.

காதைத் துடைத்து, மறுபடி நீலம் தடவி வைத்தோம். அவள் பாட்டின் மேல்ஸ்தாயி வரியை வாய் நிறையப் பாடினாள். எடுத்துப் பார்த்தோம். வட்டம் உடைந்து கிடந்தது. முகத்தின் பக்கம், தாடை வந்து சேருகிற இடத்தில், பிறைநிலா அளவுக்கு வெளுப்பு. வாய் திறந்தால் தாடை நகர்கிறது. தாடை நகர்ந்தால் காதுத் துளையின் வடிவமே மாறுகிறது. ரப்பர் அங்கே கைவிட்டுவிடுகிறது. வலது காதில் இந்தக் கோளாறு இல்லை. ஆளுக்கு இரண்டு காது இருந்தாலும் இரண்டும் ஒரே அச்சில் வார்த்ததில்லை.

"கெட்டி ரப்பர் இதுக்கு ஆவாது. துள நகர்ந்தா கூடவே நகர்ற மாதிரி, மெத்துனு ஒண்ணு வேணும். அமுக்கினா சுருங்கணும், உள்ள போனதும் உப்பி அடைக்கணும்" என்றேன்.

ஏஞ்சலின் என்னைப் பார்த்தாள். நான் சாம்சனைப் பார்த்தேன். சாம்சன் மட்டும் எதையும் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் பிஸ்கட் டின்னை எடுத்துவந்தார்.

"ஓட்ட... அதுல மாட்டறதுக்கா?" என்றார்.

"இல்ல நைனா, காத்து வாங்கறதுக்கு" என்றாள் மகள்.

பஞ்சிலும் சின்ன சைஸைத்தான் எடுத்தோம். பெரிசு வாசலிலேயே நிற்கும். சின்னது தாடை ஆட்டம் எட்டாத ஆழம் வரை கொஞ்சம் உள்ளே போகும். இயர்போன் நுனியில் மாட்டி, விரலால் உருட்டி நசுக்கி, ஏஞ்சலின் தன் வலது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து இடது காதை மேலே பின்னே இழுத்துப் பிடித்து, நுழைத்து, விரலை எடுக்காமல் அரை நிமிஷம் பிடித்திருந்தாள். அந்த அரை நிமிஷமும் வாய் மூடக்கூடாது என்று பச்சையம்மாவின் நூல்கண்டைப் பல்லுக்கு இடையில் கடிக்கவைத்தேன். வாய் திறந்த நிலையிலேயே பஞ்சு உப்பி உட்காரட்டும் என்று. வயரைக் காதுக்கு மேலே வளைத்துப் பின்னால் விட்டோம், இழுத்தால் நுனி ஆடாமல் இருக்க.

நூல்கண்டைத் துப்பிவிட்டுப் பாடினாள். மேலே ஏறும் இடம் வந்தது. ஏறினாள். நின்றாள். இன்னும் ஏறினாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது, பாட்டு நிற்கவில்லை.

"வலிக்குதாம்மா?" என்று பச்சையம்மா பதறினாள்.

"இல்ல பெரிம்மா. காதுல ஒண்ணு இருக்கறதே தெரியல. பென்னி விரல் மட்டும் தெரியுது."

"ஊட்டுல கேட்டுச்சுன்னா ஆச்சா? ஹைவேல கேக்கணும்" என்றார் சாம்சன். குரல் வழக்கம்போல இல்லை, ஆனாலும் சொன்னார்.

மாலை ஒத்திகையில் பென்னி கீபோர்டிலிருந்து கையை எடுத்து, "அக்கா, இன்னா சாப்ட்டீங்க?" என்று கேட்டானாம். சோனியா ஓடிவந்து கட்டிக்கொண்டாளாம். காதில் பரவிய நீலம் மட்டும் போகவில்லை. பச்சையம்மா சோப்பு, எண்ணெய், எலுமிச்சை எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை ஏஞ்சலின் மேடையேறும்போது ஒரு காது மயில் கழுத்து நிறத்தில் மின்னியது. முன்வரிசையில் ஓர் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது இப்ப புது ஃபேஷன் போல" என்று பக்கத்து ஆளிடம் சொன்னதை நான் காதாரக் கேட்டேன்.

நாலரை மணி. வெயில் சாய்ந்திருந்தது. சாமியானாவின் அந்தப் பக்கம் லாரிகள் நகராமல் நின்றன. வந்தவர்களின் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சாம்சன் சாலையோரம் போய் நின்றுகொண்டார். மகள் பாடுவதை அருகில் இருந்து பார்க்கும் தைரியம் அவருக்கு இல்லை. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஏஞ்சலின் மைக்கை எடுத்தாள். பென்னி முதல் கட்டையைத் தொட்டான். அதே நொடியில் ஒரு டாரஸ் லாரி ஹாரனை அழுத்தியது பாருங்கள்! வாழைத்தார் குலுங்கியது. ஏலத்துக்கு இருந்த கோழி ஹாட்பாக்ஸ் மேல் ஏறிவிட்டது. நானூறு பேரும் துள்ளி உட்கார்ந்தோம்.

ஏஞ்சலினுக்கு இமை அசையவில்லை.

அவள் தொடங்கினாள். முதல் சரணம். நான் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். மேலே ஏறும் இடம் வந்தது, அவள் வாய் திறந்தது, தாடை நகர்ந்தது. என் உயிர் அந்தப் பஞ்சில் இருந்தது. குரல் போய்க் கீபோர்டின்மேல் சரியாக உட்கார்ந்தது, நான் போட்ட எந்த சீலும் அப்படி உட்கார்ந்ததில்லை. இரண்டாவது சரணத்தில் எனக்குத் தோன்றியது, வெளியே ஹாரனே இல்லையே என்று. என் காதுதான் அடைத்துவிட்டதோ என்று கொட்டாவி விட்டுப் பார்த்தேன். இல்லை. பாட்டு முடியும்வரை ஒரு சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தால் சாமியானாத் துணி மறைத்தது.

திங்கட்கிழமை டீக்கடையில் இதைச் சொன்னேன். மூன்று கிலோமீட்டர் என்றும் சொன்னேன். கடையே சிரித்தது. "தாத்தா, அப்படியே ரயிலையும் நிறுத்திட்டேன்னு சொல்லிடேன்" என்றது ஒரு குரல். "டிராஃபிக் கிளியர் ஆயிருக்கும்" என்றார் டீ மாஸ்டர். பிறகு எல்லாரும் மூலையில் உட்கார்ந்திருந்த சாம்சன் பக்கம் திரும்பினார்கள். முப்பது வருஷத்தில் அந்த ஆள் ஒரு தப்பான பீஸைக்கூட பாஸ் செய்ததில்லை என்பது சிப்காட்டுக்கே தெரியும்.

"சொல்லு சாம்சா, நீதான ரோட்டோரம் இருந்த. உன் ஃபிரெண்டு சொல்றது உண்மையா?"

சாம்சன் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கீழே வைத்தார்.

"மூணு கிலோமீட்டர்லாம் இல்ல. வளைவு வரைக்கும்தான் என் கண்ணுக்குத் தெரிஞ்சிது" என்றார். "மொதல்ல ஒரு லாரி இன்ஜின ஆஃப் பண்ணான். பின்னாடி இருந்தவன் ஹாரன் அடிச்சான். இவன் கைய வெளிய நீட்டி, கொஞ்சம் இருய்யான்னு காட்டினான். அப்புறம் ஒண்ணொண்ணா ஆஃப் ஆச்சு. செக்போஸ்ட்ல வழி விட்டாங்க, அப்பவும் ஒருத்தனும் வண்டிய எடுக்கல. நெல்லூர்க்காரு ஒருத்தர், வயசானவரு, எறங்கி என்னாண்ட வந்தாரு. யாரு நைனா பாடறதுன்னு கேட்டாரு."

டீ மாஸ்டர் பாய்லரை விட்டு இந்தப் பக்கம் வந்தார்.

"நீ இன்னா சொன்ன?" என்றேன் நான்.

"என் பொண்ணுன்னேன்." சாம்சன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமல், டீ மாஸ்டரைப் பார்த்துச் சொன்னார்: "எழுதிக்கோங்கய்யா. நடந்துச்சு."